மூத்தவள் கூரை

“ஆணிய வளைக்காமப் புடுங்கு கொழுந்தா. திருப்பி அடிக்கணும்ல.”

கூரைமேல் குந்தியிருந்த ஒக்கும்பா சுத்தியலின் பின்புறத்தை ஆணித்தலைக்கடியில் கொடுத்து நெம்பினான். ஆணி வளைந்துதான் வந்தது. கீழே அமோண்டியின் காலருகில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்து இடுப்புத் துணியின் முடிச்சில் போட்டுக்கொண்டாள்.

“துருப்பிடிச்ச ஆணிக்கு இவ்வளவு மரியாதையா அண்ணி? எங்க அண்ணனக்கூட நீங்க இப்படிப் பொறுக்கி வச்சதில்ல.”

“உங்க அண்ணன் கீழ விழுந்தா நானா பொறுக்கினேன்? சாராயக் கடைக்காரிதான் பொறுக்கினா.”

ஏணியைப் பிடித்திருந்த அபுத்தோ சிரித்தாள். ஏணி ஆடியது.

“ஏய் கேம்காரி, சிரிக்கிறதா இருந்தா ஏணிய யார்கிட்டயாவது குடுத்துட்டுச் சிரி. இந்த மேட்டுல இருக்கிற விதவைங்க போதும்” என்றான் ஒக்கும்பா.

அன்று ஊரே சாவு வீட்டில் இருந்தது. அடுத்த மேட்டில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் அடக்கம். மாடு அறுத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பாட்டும், நடுநடுவே அவர் எவ்வளவு நல்லவர் என்ற பேச்சும் காற்றில் வந்தன. தகரம் இறக்க அதைவிடத் தோதான பகல் கிடைக்காது. சுத்தியல் சத்தம் யார் காதிலும் விழாது. விழுந்தாலும் பெட்டிக்கு ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

தகடுகள் இறங்க இறங்க வீட்டுக்குள் வெயில் விழுந்தது. கட்டில், தண்ணீர்ப் பானை, நாற்காலிகள்மேல் போர்த்திய வெள்ளைப் பின்னல் துணிகள் எல்லாம் வெட்டவெளிக்கு வந்தன. அமோண்டிக்குத் துணி இல்லாமல் நிற்பதுபோல் இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அழுவாத மிக்காயி. துருவத்தான இறக்கறோம்” என்றாள் அபுத்தோ.

“யாரு அழுதா? கண்ணுல துரு.”

மூத்த மனைவியை அந்தப் பக்கத்தில் மிக்காயி என்பார்கள். அபுத்தோ இளையவள். இருவருக்கும் புருஷன் ஒருவன்தான். ஒசேவே. கரும்பாலையில் லாரிக்குச் சுமை ஏற்றியவன். அலேகோவில் பிறந்த அமோண்டியை முதலில் கட்டினான். பல வருஷம் கழித்து ஒரு மழை மாதத்தில் கேம் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து அபுத்தோவை அழைத்து வந்தான். அமோண்டி அவளுக்குக் களி கிண்டிப் போட்டு, வீடு கட்ட இடமும் காட்டினாள். வயிறு எரியவில்லையா என்று கிணற்றடியில் கேட்டார்கள். “எரிஞ்சுது. அடுப்பும் எரிஞ்சுது. ரெண்டையும் ஒரே தண்ணிய ஊத்தி அணைச்சேன்” என்றாள். அந்தப் பதிலை ஊர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தது.

பிரசவத்தில் அபுத்தோவின் மூத்த பையன் கால் முன்னே வந்தபோது, அவளைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிவரை தள்ளிக்கொண்டு போனவள் அமோண்டி. ஒசேவே நெஞ்சுச் சளியில் போனபோது இரண்டு பேரும் ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சக்களத்திகள் சண்டை போடாத வளவு என்று பேர் வாங்கிவிட்டது அந்த இடம். கல்யாணத்தில் புத்தி சொல்லும் கிழவர்கள் இவர்களைக் காட்டுவார்கள்.

ஒசேவே போன பிறகு அவன் தம்பி ஒக்கும்பா வழக்கப்படி இரண்டு வீட்டிலும் ஒரு ராத்திரி தன் கோட்டை மாட்டி வைத்துவிட்டுப் போனான். பேருக்கு அவன்தான் இருவருக்கும் ஆண். அதனால் அந்த வளவில் கூரையில் முதல் கை வைக்க அவன் வர வேண்டும். வந்தால் ஒரு சேவலும் ஒரு பாட்டிலும் கொடுக்க வேண்டும்.

அமோண்டியின் தகரங்கள் புதிதாக வாங்கியவை அல்ல. பள்ளிக்கூடம் ஒன்றை இடித்தபோது பொடிமீன் விற்ற காசில் ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. வீட்டில் ஒசேவே வாங்கியது கதவு மட்டும்தான். தகரத்தின் ஓட்டைகளைத் தார் வைத்து அடைத்திருந்தாள். வெயிலில் தார் இளகும். மழையில் தார் விட்ட வழியெல்லாம் சொட்டும். எந்தச் சொட்டுக்கு எந்தப் பாத்திரம் என்று இருட்டிலும் தெரியும் அவளுக்கு. ஆனாலும் தகரம் தகரம்தான். தெருவிலிருந்து பார்த்தால் பளபளக்கும். அபுத்தோவின் வீடு புல்.

அந்தத் தகரம்தான் இப்போது குறுக்கே நின்றது.

சில வாரம் முன்னால், இலவசமாகப் பணம் கொடுக்கும் உதவி நிறுவனத்தின் ஆட்கள் வெள்ளை வண்டியில் வந்து ஊர்த் தலைவரின் மரத்தடியில் கூட்டம் போட்டார்கள். பேசியவன் ஒயூகி, கிசுமு நகரத்துப் பையன், நல்ல சட்டை. “இது கடன் இல்ல. திருப்பித் தர வேண்டாம். ஒரு வீட்டுக்கு ஒரு லட்சம் ஷில்லிங். போன்ல வரும். எதுக்கு வேணும்னாலும் செலவு பண்ணுங்க. நாங்க கேக்க மாட்டோம்.”

“அப்ப எங்ககிட்ட என்ன எடுப்பீங்க? ரத்தமா?” என்றார் ஒரு பெரியவர்.

“உங்க ரத்தத்துல சாராயம்தான் இருக்கு தாத்தா. வேண்டாம்.”

கூட்டம் சிரித்தது. ஒரு பெண் எழுந்து, எல்லோருக்குமா என்று கேட்டாள். ரொம்ப இல்லாதவர்களுக்கு என்றான். இல்லாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்றதற்கு, அதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவன் சொல்லாவிட்டால் என்ன? பக்கத்து மேட்டுக்குப் போன வருஷமே பணம் வந்திருந்தது. யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று எல்லோரும் பார்த்தார்கள். புல் வீட்டுக்கு வந்தது. தகர வீட்டுக்கு வரவில்லை. தகர வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தவனுக்கும் வரவில்லை. புல் வீட்டில் இரண்டு பசு வைத்திருந்தவனுக்கு வந்தது. எங்கோ தூர தேசத்தில் உட்கார்ந்து யோசித்தவர்கள், மாட்டை மச்சான் வீட்டுக்கு ஓட்டிவிடலாம், செருப்பைக் கழற்றி ஒளித்துவிடலாம், கூரையை எங்கே கொண்டுபோய் ஒளிப்பார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

தகரத்தை இறக்கும் யோசனை அபுத்தோவுடையது.

“இறக்கிட்டுப் புல் வேஞ்சுடுவோம் மிக்காயி. பணம் வந்ததும் திரும்ப ஏத்திக்கலாம். ஒரு வளவுக்கு ரெண்டு பங்கு.”

“பொய்யில்ல அது?”

“எது பொய்? மழை பேஞ்சா எந்த வீட்டுல அதிகமாத் தண்ணி? உன் வீட்டுலதான. அவங்களுக்குப் பார்க்கத் தெரியல, நாம காட்டித் தரோம்.”

அமோண்டி யோசித்தாள். பெரிதாக யோசிக்கவில்லை. அவளுக்கு ஒரு படகு வேண்டியிருந்தது.

உசெங்கே ஏரிக்கரையில் மீனுக்கு இரண்டு விலை. ஒன்று காசு. இன்னொன்று, படகு வந்ததும் எந்தப் பெண்ணின் பாத்திரத்தில் முதலில் கொட்டுவது என்பதற்கான விலை. அதைக் காசாக வாங்க மாட்டார்கள். பின்னால் பலகை அறைகள் இருக்கின்றன. இது கரையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் யாரையும் கேட்பதில்லை. அமோண்டி ஒலாங் என்பவனின் படகுக்குப் பாத்திரம் வைப்பவள். அவனுக்கு அவள் மகன் வயது. மகன் நைரோபியில் ஒரு வாசலில் காவல் நிற்கிறான்.

இதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். ஒரு சாயங்காலம் அபுத்தோவோடு உட்கார்ந்து மீனில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள். அபுத்தோ எழுந்துபோய்த் தண்ணீர் சுடவைத்தாள். பையன் விடுதிக்கு எடுத்துப்போக வைத்திருந்த புதுச் சோப்பைப் பிரித்துக் கொடுத்தாள். அதிலிருந்து உசெங்கே போய்த் திரும்பும் நாளெல்லாம் அமோண்டியின் வாசலில் ஒரு வாளி வெந்நீர் இருக்கும். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

சொந்தப் படகு இருந்தால் ஆள் வைத்து ஓட்டலாம். படகுக்காரியின் பாத்திரத்தில்தான் முதல் மீன். பெரிய படகு வேண்டாம், பழைய படகு போதும், வலை மட்டும் நல்லதாக இருக்க வேண்டும். ஒரு லட்சத்துக்குள் அடங்கும் என்று விசாரித்து வைத்திருந்தாள்.

“படகுக்கு என்ன பேரு எழுதப் போற?” என்றாள் அபுத்தோ.

“கேம்காரின்னு எழுதறேன். எப்பப் பார்த்தாலும் தண்ணிய உள்ள விடும்.”

“எழுது. நான் கரையில நின்னு சொல்லுவேன், இதான் எங்க மிக்காயி, என் மேல ஏறிப் போறான்னு.”

இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மீனை இவள் வாங்குவாள், அவள் காயவைத்துச் சந்தையில் விற்பாள், பங்கு பாதி. அப்படித்தான் பேச்சு.

இறக்கிய தகரங்களை மாட்டுப்பட்டிக்குப் பின்னால் அடுக்கி மேலே சோளத்தட்டை போட்டு மூடினார்கள். ஒக்கும்பா புல் வேய்ந்து கொடுத்துவிட்டுச் சேவலைக் காலைக் கட்டி எடுத்துப் போனான்.

ஒயூகி வீடு பார்க்க வந்தான். இரண்டு கூரைகளையும் போனில் படம் பிடித்தான். அமோண்டியின் கூரையைப் பார்த்து நின்றான்.

“புதுப் புல்லாம்மா?”

“பழசு எலி தின்னுடுச்சு தம்பி.”

“எலி நிறையத் தின்னுருக்கு இந்த வருஷம். ஊர் முழுக்கப் புதுப் புல்” என்று சிரித்தான். உட்கார்ந்து மீன் குழம்பும் களியும் சாப்பிட்டான். இரண்டு பேருடைய போன் நம்பரையும் பதிந்துகொண்டான். கை கழுவத் தண்ணீர் ஊற்றிய அமோண்டியிடம், “கவலைப்படாதீங்க, இங்க ரெண்டு வீடும் சரியா இருக்கு” என்றான்.

அவள் உசெங்கே போய், விலைக்கு வந்த ஒரு படகைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

மழைக்கு முன்னால் வேறொரு வண்டி வந்தது. இறங்கியவள் பெர்பெச்சுவா. ஒயூகி செய்ததைச் சரிபார்க்கும் அதிகாரி. கண்ணாடி போட்ட, கனத்த, அமைதியான பெண். அமோண்டி நாற்காலி எடுக்க உள்ளே திரும்பினாள். நாற்காலியோடு வெளியே வந்தபோது வாசலில் அவள் இல்லை. நேராக மாட்டுப்பட்டிக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தாள். வீட்டைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்க்கவில்லை. அங்கே போக வழி கேட்கவும் இல்லை. சோளத்தட்டையை ஒரு கையால் தூக்கினாள். தகரம் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது.

நாற்காலி அமோண்டியின் கையிலேயே இருந்தது.

தகரம் அங்கே இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும். ஒக்கும்பா அந்த மாதம் முழுக்கக் கரும்பு வெட்டப் போயிருந்தான். அவள் அபுத்தோவைப் பார்த்தாள். அபுத்தோ தன் வாசலில் நின்று, மேயாத கோழி ஒன்றை விரட்டிக்கொண்டிருந்தாள்.

“இது உங்க வீட்டுக் கூரைதானம்மா?” என்றாள் பெர்பெச்சுவா.

“ஆமா.”

“ஏன் இப்படிப் பண்ணீங்க?”

“உள்ள வா தங்கச்சி. தரையில குழி இருக்கு பாரு. சொட்டின எடமெல்லாம் குழி. நீ அந்தத் தகரத்தைத் தூக்கி வெயிலுக்குப் புடி, நட்சத்திரம் தெரியும். நான் பணக்காரியா?”

பெர்பெச்சுவா உள்ளே போய்க் குழிகளைப் பார்த்தாள். உண்மையாகவே பார்த்தாள். வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். “தகரம்னா தகரம்தான்மா. ஓட்டை இருக்கா இல்லையான்னு கேக்கச் சொல்லி என் படிவத்துல இல்ல. இப்ப மறைச்சும் வச்சிருக்கீங்க. உங்க பேரை எடுத்துருவாங்க.”

“சரி. அவ பேரு?” அமோண்டி கையைக் காட்டினாள்.

“அவங்களுக்கு என்ன? அது தனி வீடு. புல்லு. அவங்க மேல ஒண்ணும் வராது.”

“நான் செஞ்சதுக்கு அவளுக்கும் போயிருமோன்னு…”

“அப்படி ஒரு விதியே இல்லையேம்மா. எப்பவும் இருந்ததில்ல.”

கோழி விரட்டும் சத்தம் நின்றது. அபுத்தோ திரும்பிப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் அமோண்டிக்கு மீதியும் புரிந்தது.

வண்டி போன பிறகு அவளே நடந்து அபுத்தோவின் வாசலுக்குப் போனாள். வழக்கப்படி இளையவள்தான் மூத்தவளிடம் வர வேண்டும்.

“எப்ப சொன்ன?”

“நீ உசெங்கே போயிருந்த அன்னிக்கு. ஒயூகி வந்தான். இந்த வளவுல ஏதோ ஒளிஞ்சிருக்குன்னு தெரியும், யாராவது ஒருத்தர் உண்மையச் சொன்னா அவங்க வீடு தப்பிக்கும், இல்லேன்னா ரெண்டு வீடும் போயிரும்னான். சத்தியமா அப்படித்தான் சொன்னான் மிக்காயி.”

“சாயங்காலம் நான் வந்தேன்ல.”

“வந்த.”

“வெந்நீர் வச்சிருந்த.”

அபுத்தோ தலைத்துணியை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

“என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நாமளே தூக்கிக் காட்டியிருக்கலாம். நானே விலகியிருப்பேன். உன் பேராவது நிக்கட்டும்னு நானே சொல்லியிருப்பேன்டி.”

“நீ சொல்லியிருப்ப. இப்பச் சொல்லுவ. அன்னிக்குச் சொல்லியிருப்பியா? எனக்கு மூணு புள்ள. பெரியவன விடுதியிலேர்ந்து ரெண்டு தடவை வெளிய நிறுத்திட்டாங்க. ரெண்டும் போறதுக்கு ஒண்ணாவது நிக்கட்டும்னு நெனச்சேன். பணம் என் போன்ல வந்தா என்ன, உன் போன்ல வந்தா என்ன?”

“படகு எதுக்குன்னு உனக்குத் தெரியும்” என்றாள் அமோண்டி. “வேற யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும்.”

அபுத்தோ கீழே பார்த்தாள். கோழி திரும்ப வந்து அவள் காலடியில் கொத்தியது. அதை விரட்டவில்லை.

மழை தொடங்கியது. விதைக்க வேண்டும். அமோண்டி முதல் குழியில் தன் விதையைப் போட்டாள். அது போட்ட பிறகுதான் அபுத்தோ தன் நிலத்தில் இறங்கலாம். அந்த வளவில் எல்லாம் அப்படித்தான். விதைப்பு, அறுப்பு, வீடு, கூரை, எல்லாவற்றிலும் மூத்தவள் முதலில். முறை தவறினால் சீரா பிடிக்கும் என்பார்கள். சீரா பிடித்தவன் தின்னத் தின்ன மெலிவான். டாக்டர் பார்த்தால் ஒன்றும் இல்லை என்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சீரா கிடையாது என்று எல்லோரும் கை தூக்கிப் பாடுவார்கள். திங்கட்கிழமை முறை தவறி ஒருவரும் மண்வெட்டியைத் தொட மாட்டார்கள். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிலத்தில் குனிந்து விதைத்தார்கள்.

அபுத்தோவின் போனில் பணம் வந்தது. குலவை இடவில்லை அவள். ஆனால் வந்தது தெரிந்துவிட்டது. விடுதிக் கட்டணம் கட்டினாள். மீதிக்கு நீலத் தகரம் வாங்கினாள். டிராக்டரில் வந்து இறங்கிய தகடுகள் மழை நீரில் கழுவிவிட்டதுபோல் இருந்தன. பாதி பங்கு என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. அமோண்டியும் எடுக்கவில்லை.

கரும்பு வெட்டி முடித்து வந்த ஒக்கும்பா நீலத் தகடுகளைச் சுற்றி ஒரு முறை நடந்தான். தட்டிப் பார்த்தான். ஏணியைத் தொடவில்லை.

“என்ன கொழுந்தா, ஏறு” என்றாள் அபுத்தோ. “சேவல் ரெண்டு தரேன்.”

“மூத்தவ வீடு புல்லா இருக்கு. நான் உன் வீட்டுல தகரம் ஏத்தணுமா? என் கை எனக்கு வேணும்.”

“அவ வீட்டுல எனக்கு முன்னாடியே தகரம் ஏறிச்சே! எத்தனை வருஷம் இருந்துச்சு!”

“இருந்துச்சு. இறங்கிடுச்சு. இறக்கினது யாரு? நான்தான். ஏணியப் புடிச்சது நீதான். இப்ப ஏறியிருக்கிறது புல்லு. செத்தவங்களுக்குக் கீழ கிடக்கிற தகரம் மட்டுந்தான் தெரியுமா, மேல இருக்கிற புல்லு தெரியாதா?”

அபுத்தோ பாஸ்டரிடம் போனாள். கிறிஸ்து நம்மை எல்லாக் கட்டிலிருந்தும் விடுவித்துவிட்டார், தைரியமாகக் கூரை போடு என்றார் அவர். அதை ஒக்கும்பாவிடம் வந்து சொன்னாள்.

“நல்லது. பாஸ்டரயே ஏறச் சொல்லு. ஏணிய நான் புடிக்கிறேன்.”

பாஸ்டருக்கு முழங்கால் வலி.

நீலத் தகரம் முற்றத்தில் கிடந்தது. போவோர் வருவோர் நின்று பார்த்தார்கள். சக்களத்திகள் சண்டை போடாத வளவு அது. அதனால் காரணம் கேட்க வெட்கப்பட்டு, கேட்காமல் சிரித்துக்கொண்டு போனார்கள். மழையில் அபுத்தோவின் பழைய புல் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டது. புது மாதிரியாக, தகரத்தின்மேல் விழும் மழைச் சத்தம் முற்றத்தின் நடுவிலிருந்து இரண்டு வீட்டுக்கும் கேட்டது.

கடைசியில் ஒருநாள் மத்தியானம் அவள் மூத்தவள் வாசலுக்கு வந்தாள். கையில் சர்க்கரைப் பொட்டலம்.

“மிக்காயி.”

“உக்காரு.”

உட்கார்ந்தாள். அமோண்டி காய்ந்த மீனைச் சல்லடையில் தட்டிக்கொண்டிருந்தாள்.

“உன் தகரத்த ஏத்திரலாம். ஆணி நான் வாங்கித் தரேன். ஒக்கும்பாவுக்கு நானே குடுத்துக்கறேன். தாரும் வாங்கித் தரேன், ஓட்டையெல்லாம் அடைச்சிரலாம்.”

“புல்லு குளுமையா இருக்கு.”

“இதென்ன பேச்சு?”

“ஒழுகல. எத்தனை வருஷம் பாத்திரம் நகத்தியிருக்கேன். இப்ப விடியற வரைக்கும் தூங்கறேன்.”

“என்ன வேணும்னு சொல்லு.”

“என்ன வேணும்னா? நீ கடைக்கு வந்திருக்கியா?”

அபுத்தோவின் குரல் உயர்ந்தது. “நான் பண்ணது தப்பு. நூறு தடவை சொல்லணுமா? அந்தக் கிசுமுப் பய ஏமாத்திட்டான். அவன்கிட்டப் போயிக் கேளேன்! அவன நீ ஒரு வார்த்தை கேக்கல. மீன் குழம்பு ஊத்தின.”

“அவன் யாரு? வண்டியில வந்தான், வண்டியில போயிட்டான். அவன் பொய் சொன்னா அது அவன் வேலை. அவன் புள்ளைய நான் சைக்கிள்ல தள்ளலயே.”

சல்லடை நின்றது. அபுத்தோ மெதுவாகச் சொன்னாள்: “சோளம் வித்து, வர்ற வருஷம் படகுக்குக் கொஞ்சம் தரேன்.”

“எவ்வளவு நாள் கழிச்சு?”

“வர்ற வருஷம்னு சொன்னேன்ல.”

“அதுவரைக்கும் வெந்நீர் வைப்பியா?”

அபுத்தோ எழுந்தாள். சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக்கொள்வதா வைத்துவிட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றாள். வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ஒரு கழுதை வண்டி வந்தது. உசெங்கே கரையில் டீக்கடை வைத்திருந்தவனுடையது. அமோண்டியும் வண்டிக்காரனும் மாட்டுப்பட்டிக்குப் பின்னாலிருந்த பழைய தகரங்களை ஏற்றினார்கள். வளைந்த ஆணிகளையும் ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். அபுத்தோ வாசலில் நின்று பார்த்தாள். அமோண்டி வண்டிக்குப் பின்னால் நடந்தாள். டீக்கடைக்காரன் ஓட்டையைக் காட்டி விலையைக் குறைத்தான். அவள் பேரம் பேசினாள். அவன் கொடுத்தது படகில் ஒரு பலகைக்கும் வராது. அதை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். ஒலாங்கின் படகு வந்தது. அவள் பாத்திரம் வைக்கவில்லை. யார் செத்தது, இன்றைக்குப் பாத்திரம் காணோம் என்று ஒலாங் கேட்டான். லாரிகளுக்கு மீன் வாங்கிக் கொடுக்கும் தரகனிடம், லாரிக்காரர்கள் கொடுக்கும் விலையையே கொடுத்து இரண்டு பாத்திரம் மீன் வாங்கினாள். அந்த விலையில் இலாபம் நிற்காது. கையிலிருந்த காசு இந்த மழை முடியும்வரை வரும். மீனைப் பழைய வலையில் விரித்துக் காயவைத்தாள். மத்தியானம் தூறல் விழுந்ததால் ஒருமுறை அள்ளி மறுபடி விரித்தாள். மாலையில் வீடு திரும்பினாள். நீலத் தகரத்தை அபுத்தோ சோளச் சாக்கு போட்டு மூடியிருந்தாள். வாசலில் ஒரு வாளி வெந்நீர் இருந்தது. அமோண்டிக்கு அது தேவைப்படவில்லை. ஆறியதும் ஆட்டுக்கு வைத்தாள்.